டி விசா கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடாது

ஐரோப்பாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் பலர், பாஸ்போர்ட்டில் ஒட்டிய நீண்டகால விசாவையே (டி விசா) வசிப்பு அனுமதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. 90 நாளுக்கு மேல் தங்குவதற்காக நாட்டுக்குள் நுழைய விடுவது டி விசா. அதைத் தருவது தூதரகம். அங்கே தொடர்ந்து வாழ விடுவது வசிப்பு அனுமதி. அதைத் தருவது அந்த நாட்டு உள்ளூர் அலுவலகம், பெரும்பாலும் ஒரு அட்டையாக.

பிரான்ஸில்தான் குழப்பம் அதிகம். அங்கே ஒரு வகை நீண்டகால விசா, வசிப்பு அனுமதியாகவும் செல்லும். ஆனால் போய் இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் கட்டணம் கட்டி அதை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் தங்குவது சட்டவிரோதமாகிவிடும். ஊருக்கு வந்தால் திரும்பிப் போகவும் முடியாது. இன்னொரு வகை விசாவில், 2 மாதத்துக்குள் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி பிரெஞ்சில் ஒரு வரி இருக்கும். அதனால் விசா கைக்கு வந்த அன்றே அந்தக் குறிப்பு வரியைப் படித்துவிடுங்கள், மொழி தெரிந்தவரிடம் கேட்டாவது.

ஜெர்மனியில், விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்தாக வேண்டும். பெரிய நகரங்களில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம், போனவுடன் அந்த நேரத்தைப் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், டி விசா, வசிப்பு அனுமதி இரண்டில் எது இருந்தாலும் மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் மட்டுமே சுற்றலாம். அங்கே வேலை பார்க்க முடியாது.