தொடக்க அளவுரு ‘நல்’ என்று வருகிறதா? ஜாவா வலைச் செயலியில் கோளாறு தேடும் முறை

செயலியின் அமைப்புகளைச் சொல்லும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் தரவுத்தள முகவரியைத் தொடக்க அளவுருவாக எழுதியாயிற்று. வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பான சர்வ்லெட்டில் அதைக் கேட்டால் ‘நல்’, அதாவது ‘மதிப்பு இல்லை’, என்று வருகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. அளவுருவைக் கேட்கும் கெட்இனிட்பாராமீட்டர் முறையின் (மெத்தட்) இயல்பே அதுதான்: கேட்ட பெயர் இல்லையென்றால் சத்தமில்லாமல் ‘நல்’ தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோப்பை அங்கும் இங்கும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், சர்வ்லெட்டுக்கு என்னதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

படி 1: பெயர்களை அச்சிடுங்கள்

சர்வ்லெட் தொடங்கும்போது ஓடும் இனிட் முறைக்குள் கெட்இனிட்பாராமீட்டர்நேம்ஸ் முறையை அழைத்து, கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்துப் பதிவேட்டில் (லாக்) எழுதுங்கள். பெயரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெற்றிடம் அப்போதுதான் கண்ணில் படும். மதிப்புகளை அச்சிட வேண்டாம். அவற்றில் கடவுச்சொல் இருக்கலாம்.

சர்வரை இயக்கியதும் பதிவேடு வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம். சர்வரோடு சேர்ந்தே தொடங்கச் சொல்லும் லோட்-ஆன்-ஸ்டார்ட்அப் குறிப்பிடாத சர்வ்லெட், வழக்கமாக முதல் கோரிக்கை வரும்போதுதான் விழித்துக்கொள்ளும்.

படி 2: பட்டியலைப் படியுங்கள்

பட்டியல் காலியா? அநேகமாக ஆள் மாறிக் கேட்கிறீர்கள். தொடக்கநிலையில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். சர்வ்லெட் என்ற குறிச்சொல்லுக்குள் எழுதும் இனிட்-பாராம் அந்த ஒரு சர்வ்லெட்டுக்கு மட்டுமே சொந்தம். வெப்-ஆப் குறிச்சொல்லின் நேரடிப் பிள்ளையாக எழுதும் கான்டெக்ஸ்ட்-பாராம் செயலி முழுவதற்கும் பொது. முன்னதை சர்வ்லெட்கான்ஃபிக் வழியாகவும், பின்னதை சர்வ்லெட்கான்டெக்ஸ்ட் வழியாகவும் கேட்க வேண்டும். இரண்டிலும் முறையின் பெயர் கெட்இனிட்பாராமீட்டர்தான். குழப்பத்தின் வேரே அது. சர்வ்லெட்டுக்குள் முன்னொட்டு எதுவுமின்றி அந்த முறையை அழைத்தால் கான்ஃபிக்கில் மட்டுமே தேடும். பொது அளவுருவை எட்டிக்கூடப் பார்க்காது.

பெயர் இருந்தும் ‘நல்’ வருகிறதா? எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு.

நீங்கள் அழித்துவிட்ட பழைய பெயர் இன்னும் தெரிகிறதா? திருத்திய கோப்பு வேறு, ஓடுகிற கோப்பு வேறு. செயலியை மறுபடி கட்டி, செயலியின் பொதியான வார் கோப்பைத் திறந்து, வெப்-இன்ஃப் அடைவுக்குள் இருக்கும் கோப்பை நேரில் பாருங்கள்.

படி 3: இனிட் முறையைச் சரிபாருங்கள்

சர்வ்லெட்கான்ஃபிக்கை ஏற்கும் இனிட் முறையை நீங்களே எழுதியிருந்தால், முதல் வரியில் தாய் வகுப்பின் இனிட்டை அழைக்கும் சூப்பர்.இனிட் அழைப்பு இருக்கிறதா? அது இல்லாவிட்டால் கான்ஃபிக் எங்கும் சேமிக்கப்படாது. பிறகு அளவுருவைக் கேட்டால் ‘நல்’ கூட வராது, விதிவிலக்கு (எக்ஸெப்ஷன்) எறியப்படும். எதையும் ஏற்காத இனிட் முறையை எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. கட்டுநரில் (கன்ஸ்ட்ரக்டர்) அளவுருவைக் கேட்பதும் வீண். கான்ஃபிக் அதற்குப் பிறகுதான் வருகிறது.

படி 4: குறிப்புரையும் இருக்கிறதா?

வகுப்பின் தலையில் வெப்சர்வ்லெட் குறிப்புரை (அனோட்டேஷன்) இருந்து, வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலும் அதே வகுப்பு பதிவாகியிருந்தால், சர்வ்லெட் பெயர்கள் ஒன்றா என்று பாருங்கள். வேறு என்றால், சர்வ்லெட்டுகளை இயக்கும் கன்டெய்னர் அவற்றை இரண்டு தனித்தனி சர்வ்லெட்டுகளாகவே நடத்தும். ஒன்றின் அளவுரு மற்றதற்குத் தெரியாது. ஒரே பெயர் என்றால், ஒரே அளவுருவுக்கு இரண்டு இடத்திலும் மதிப்பு இருக்கும்போது கோப்பில் உள்ளதே செல்லும்.

படி 5: மதிப்பைப் பாருங்கள்

மதிப்பு எப்போதும் சரமாகவே (ஸ்ட்ரிங்) வரும். எண்ணாக மாற்றும் முன் ட்ரிம் செய்து ஓர வெற்றிடங்களை நீக்கிவிடுங்கள். ஓரத்தில் ஒரு வெற்றிடம் இருந்தாலே சரத்தை எண்ணாக்கும் இன்டீஜர்.பார்ஸ்இன்ட் முரண்டு பிடிக்கும்.

தரவுத்தள முகவரியில் ‘&’ குறி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியைத் தனியாக எழுதக் கூடாது. அதை அடுத்து ஏ, எம், பி என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வர வேண்டும். இல்லாவிட்டால் கோப்பையே படிக்க முடியாமல் செயலி கிளம்பாமல் நிற்கும். இந்தக் கோளாறு வரி எண்ணோடு பதிவேட்டில் தெரியும்.