கன்ட்ரி இசைக்குழு ஒன்றின் பதிவுகளையும் தரவரிசை வெற்றியையும் தொகுக்கும் முறை

கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையைப் பாடும் அலபாமா இசைக்குழு பாடல் தரவரிசையில் எத்தனை முறை முதலிடம் பிடித்தது என்று தேடிப் பார்த்தால், ஓரிடத்தில் 33 என்றும் இன்னோரிடத்தில் 41 என்றும், குழுவின் விளம்பரங்களில் அதற்கும் மேலான எண்களும் கிடைக்கும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு பட்டியலிலிருந்து, வேறொரு கணக்கு விதிப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒரு கன்ட்ரி குழுவின் இசைத்தட்டுகளையும் அவை பெற்ற இடங்களையும் நம்பத்தக்க முறையில் அட்டவணைப்படுத்த விரும்புபவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை, அந்தக் குழுவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் பதிவுகள்

தரவரிசையைத் தொடுவதற்கு முன் பதிவுகளின் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும்; அதற்கு அந்தக் குழு எந்தெந்தப் பெயர்களில் இயங்கியது என்று தெரிந்திருக்க வேண்டும். அலபாமா மாநிலத்தின் ஃபோர்ட் பெய்ன் ஊரைச் சேர்ந்த ரேண்டி ஓவன், டெடி ஜென்ட்ரி, ஜெஃப் குக் ஆகிய மூவரும் உறவினர்கள். 1969இல் 'யங் கன்ட்ரி' என்ற பெயரில் தொடங்கி, பின்னர் 'வைல்ட்கன்ட்ரி' ஆகி, 1977இல்தான் அலபாமா என்ற பெயருக்கு வந்தார்கள். 1973 முதல் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச் கடற்கரையில் 'த பௌவரி' என்ற மதுவிடுதியில் கோடைதோறும் வாசித்து, பார்வையாளர்கள் போடும் சில்லறையை நம்பிப் பிழைத்த அந்தக் காலத்தில், சொந்தச் செலவில் தட்டுகளைப் பதிப்பித்து அங்கேயே விற்றார்கள். பெரிய நிறுவனத்தின் முதல் ஆல்பத்திலிருந்து மட்டும் பட்டியலைத் தொடங்குபவர் இவற்றைத் தவறவிடுவார். டிரம்ஸ் வாசித்த மார்க் ஹெர்ண்டன் 1979இல்தான் சேர்ந்தார் என்பதால், அதற்கு முந்தைய தட்டுகளில் அவர் பெயரைப் போடக் கூடாது.

அடுத்து ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறும் இடங்களில்தான் ஒரு குழுவின் கதை பெரும்பாலும் திரும்புகிறது. அலபாமா 1977இல் ஜி.ஆர்.டி. நிறுவனத்துக்காகப் பதிந்த சிங்கிள் (தனியாக வெளியிடப்படும் ஒற்றைப் பாடல் தட்டு), கன்ட்ரி பட்டியலில் 78ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அந்த நிறுவனம் நொடித்த பிறகு, ஒப்பந்தத்திலிருந்த ஒரு விதி வேறு நிறுவனத்துக்குப் பாட விடாமல் தடுத்ததால், பணம் திரட்டி அதிலிருந்து விடுபட வேண்டியதாயிற்று. பிறகு எம்.டி.ஜே. என்ற சிறு நிறுவனத்தின் மூலம் வெளிவந்த இரண்டு சிங்கிள்களில் முதலாவது 33ஆம் இடத்தையும், 'மை ஹோம்ஸ் இன் அலபாமா' 1980இல் 17ஆம் இடத்தையும் எட்டின. அதே ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது; அங்கே வந்த முதல் சிங்கிளான 'டென்னசி ரிவர்' நேராக முதலிடத்துக்குச் சென்றது. 17 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஊர் ஊராகத் தட்டுகளைக் கொண்டுசேர்க்க ஆள்பலம் இல்லாத ஒரு சிறு நிறுவனத்தின் தட்டு அது என்ற குறிப்போடு பார்த்தால், ஆர்.சி.ஏ. ஏன் ஓடி வந்தது என்று புரியும்.

தட்டின் உறையையும் விட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளர், பாடலாசிரியர், பாடலின் நீளம் ஆகிய மூன்றும் அவசியம். எண்பதுகளில் இந்தக் குழுவின் ஒலியை வடிவமைத்தவர் ஹரால்ட் ஷெட் என்ற தயாரிப்பாளர். மேடையில் நால்வரும் தாங்களே வாசித்தாலும், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களின் வழக்கப்படி, தட்டுகளில் கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த இசைக் கலைஞர்களின் பங்கு பெரிது. குழுவின் உறுப்பினர் பட்டியலை அப்படியே பதிவின் வாசிப்பாளர் பட்டியலாக எழுதிவிடக் கூடாது. 'மவுண்டன் மியூசிக்' ரேண்டி ஓவன் எழுதியது. 'த க்ளோஸர் யூ கெட்', 'டேக் மீ டவுன்' ஆகிய இரண்டும் எக்ஸைல் என்ற குழு முன்னரே பதிந்தவை. 'டச் மீ வென் வி'ர் டான்ஸிங்' 1981இல் கார்ப்பெண்டர்ஸ் என்ற பாப் இரட்டையர் பாடி வெற்றி பெற்ற பாடல். முந்தைய பதிவு இருந்தால் அதையும் குறிப்பது நேர்மை. நீளம் எதற்கென்றால், 'மை ஹோம்ஸ் இன் அலபாமா' ஆல்பத்தில் 6 நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்த நீளத்துப் பாடலை வானொலி எளிதில் ஏற்காது. சிங்கிளாக வந்ததும் ஆல்பத்தில் உள்ளதும் ஒரே பதிவுதானா என்று ஒவ்வொரு பாடலுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பட்டியல், எந்த விதி

தரவரிசை என்று பொதுவாகச் சொன்னாலும், கன்ட்ரி இசையில் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது பில்போர்டு இதழின் பட்டியல். அதன் விதிகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்கள் நிகழ்ந்த ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளாமல் எண்களை ஒப்பிடுவது வீண். 1944 ஜனவரியில் தொடங்கியபோது, உணவகங்களிலும் மதுவிடுதிகளிலும் இருந்த காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் எந்தத் தட்டு அதிகம் ஓடியது என்பதே கணக்கு. பிறகு விற்பனைக்கும் வானொலிக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வந்தன. 1958 அக்டோபரில் எல்லாம் ஒரே பட்டியலாயின. எனவே 1950களின் பாடல் ஒன்று ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்திருக்கலாம். எந்த இடத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

நமது குழுவுக்கு முக்கியமானவை அதற்குப் பிந்தைய இரண்டு மாற்றங்கள். எண்பதுகளில் வானொலி நிலையங்கள் தாங்கள் ஒலிபரப்பும் பாடல்களின் பட்டியலைத் தாங்களே இதழுக்குத் தெரிவித்தன. இடங்களை முடிவுசெய்வதில் அதற்குப் பெரும் பங்கு இருந்தது. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இன்ன பாடல் எங்களிடம் முதலிடம் என்று சொன்னால் அதுதான் தகவல். இசை நிறுவனங்களின் விளம்பர ஆட்கள் வாரந்தோறும் தொலைபேசியில் அவரைப் பிடித்து, இந்த வாரம் எங்கள் பாடலுக்கு என்று கேட்பதும் வழக்கமாக இருந்தது. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டதால் ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் முதலிடம் கைமாறியது. 1990 ஜனவரியில் பில்போர்டு இந்த முறையைக் கைவிட்டு, வானொலியில் உண்மையில் ஒலிக்கும் பாடலைக் கணினி தானே கேட்டு அடையாளம் காணும் முறைக்கு மாறியது. அதன்பின் ஒரே பாடல் பல வாரங்கள் மேலே நிற்பது சாதாரணமாயிற்று. அலபாமாவின் 'ஜூக்பாக்ஸ் இன் மை மைண்ட்' அந்த ஆண்டு 4 வாரம் முதலிடத்தில் இருந்தது; எண்பதுகளில் அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாடல்கள்கூட ஓரிரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. 1990இல் அவர்கள் திடீரென்று கூடுதல் புகழ் பெற்றுவிட்டார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அளக்கும் கோல் மாறியதன் விளைவு அது.

2012 அக்டோபரில் இன்னொரு மாற்றம் வந்தது. வானொலியோடு இணையத் தரவிறக்கம், இணையத்தில் கேட்பது ஆகியவையும், கன்ட்ரி அல்லாத நிலையங்களின் ஒலிபரப்பும் முதன்மைப் பட்டியலில் சேர்ந்தன; பழைய முறையிலான வானொலிக் கணக்கு 'கன்ட்ரி ஏர்பிளே' என்ற தனிப் பட்டியலாயிற்று. இதன் பிறகு பாடகி பெபி ரெக்ஸாவும் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற இருவர் குழுவும் பாடிய ஒரு பாடல் 50 வாரம் முதலிடத்தில் நின்றது. அதை 1981இன் ஒரு வார முதலிடத்தோடு ஒப்பிடுவது, 20 ஓவர் ஆட்டத்தில் அடித்த ஓட்டங்களை ஐந்து நாள் ஆட்டத்தோடு ஒப்பிடுவது போன்றது. உங்கள் அட்டவணையில் ஆண்டுகள் 1990, 2012 ஆகிய எல்லைகளைத் தாண்டினால், அந்த இடங்களில் ஒரு கோடு போட்டுக் குறிப்பெழுதுங்கள்.

தொடர் வெற்றி என்ற கணக்கு

அலபாமாவைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்படுவது, தொடர்ந்து 21 சிங்கிள்கள் முதலிடம் பெற்றன என்பது. இதைச் சரிபார்ப்பது நல்ல பயிற்சி. 1980இன் 'டென்னசி ரிவர்' முதல் 1987இன் 'யூ'வ் காட் த டச்' வரை எண்ணினால் 21 வரும். அடுத்து வந்த 'டார் டாப்' 7ஆம் இடத்தோடு நின்றதால் தொடர் முறிந்தது. ஆனால் வெளியான தேதி வரிசையில் எல்லாத் தட்டுகளையும் அடுக்கினால், நடுவே இரண்டு இடறல்கள் தெரியும். 1982 இறுதியில், எட்டாவது முதலிடப் பாடலுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில், 'கிறிஸ்துமஸ் இன் டிக்ஸி' வெளியாகி 35ஆம் இடம் வரைதான் போயிற்று. பண்டிகைக்கால வெளியீட்டை வழக்கமான சிங்கிளாகக் கொள்வதில்லை என்ற மரபினால் அது ஒதுக்கப்பட்டது. இரண்டாவது, பாப் பாடகர் லயனல் ரிச்சியோடு பாடிய 'டீப் ரிவர் உமன்'. கன்ட்ரி பட்டியலில் 10ஆம் இடத்தைத் தொட்ட அது, ரிச்சியின் தட்டு என்பதால் குழுவின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இரண்டு விலக்குகளும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. ஆனால் விலக்குகள் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் 21 என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

1987க்குப் பிறகும் வெற்றி நின்றுவிடவில்லை. 'ஃபேஸ் டு ஃபேஸ்' (1988) முதல் 'ரெக்லஸ்' (1993) வரை இன்னும் 11 பாடல்கள் பில்போர்டில் முதலிடம் பெற்றன. 21ஐயும் 11ஐயும் கூட்டினால் 32; தொடக்கத்தில் சொன்ன 33இல் மீதி ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அப்படியானால் 41 எங்கிருந்து வந்தது? 1998இல் ஆர்.சி.ஏ. வெளியிட்ட இரட்டைக் குறுந்தட்டுத் தொகுப்பின் தலைப்பிலேயே 41 முதலிடப் பாடல்கள் என்று இருக்கிறது. பில்போர்டுக்குப் போட்டியாகக் கேஷ் பாக்ஸ், ரேடியோ அண்ட் ரெக்கார்ட்ஸ் முதலிய தொழில் இதழ்களும் தங்கள் பட்டியல்களை வெளியிட்டுவந்தன. ஏதேனும் ஒன்றில் முதலிடம் பிடித்தாலும் நிறுவனம் அதை முதலிடமாகவே எண்ணிக்கொள்ளும். ஆகவே அட்டவணையின் தலைப்பில் பட்டியலின் பெயர் இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் பில்போர்டும் மறு கட்டத்தில் கேஷ் பாக்ஸுமாகக் கலந்து எழுதினால் அது எதற்கும் உதவாது.

பொதுப் பட்டியலான ஹாட் 100இல் கிடைத்த இடத்தையும் தனி நிரலாகச் சேர்ப்பது நல்லது. கன்ட்ரி நிலையங்களுக்கு வெளியேயும் பாடல் போய்ச் சேர்ந்ததா என்பதை அதுதான் காட்டும். அலபாமாவின் 'லவ் இன் த ஃபர்ஸ்ட் டிகிரி' அங்கே 15ஆம் இடத்தையும், 'டேக் மீ டவுன்' 18ஐயும், 'ஃபீல்ஸ் ஸோ ரைட்' 20ஐயும் எட்டின. ஆல்பங்களில் 'த க்ளோஸர் யூ கெட்' பொது ஆல்பப் பட்டியலில் 10ஆம் இடம் பெற்றது.

சான்றிதழும் விற்பனையும்

தங்கம், பிளாட்டினம் என்னும் சான்றிதழ்களைத் தருவது அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம். ஆல்பம் 5 லட்சம் பிரதி என்றால் தங்கம், 10 லட்சம் என்றால் பிளாட்டினம். சிங்கிளுக்கு 1988 வரை இதன் இரு மடங்கு தேவைப்பட்டது. 1989இல் அளவைக் குறைத்தார்கள். நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. இது அந்தக் காலத்தில் கடைக்கு அனுப்பப்பட்ட பிரதிகளின் கணக்கு. நிறுவனம் கேட்டு, கட்டணம் செலுத்தினால்தான் சான்றிதழ் வரும் என்பதால், சான்றிதழின் தேதி விற்பனை நடந்த தேதி ஆகாது. 100 நிமிடத்துக்கு மேல் ஓடும் இரட்டைத் தட்டில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியே எண்ணப்படுவதால், மேலே சொன்ன 1998 தொகுப்பின் பிளாட்டின எண்ணிக்கையை வாங்கியவர்களின் எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. ஒற்றைத் தட்டான 'மவுண்டன் மியூசிக்' பெற்ற 5 பிளாட்டினத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது 50 லட்சம் பிரதிகள்தான். உலகம் முழுவதும் 7 கோடிக்கு மேல் விற்றதாக விளம்பரங்களில் வரும் எண்ணையோ, சான்றிதழ்களைக் கூட்டிச் சரிபார்க்க முடியாது. எழுதினால் குழுவின் கூற்று என்றே எழுதுங்கள்.

எங்கே பார்ப்பது என்றால், பில்போர்டின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸிலும், வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்திலும் படியெடுக்கப்பட்டுக் கிடைக்கின்றன. கேஷ் பாக்ஸ் இதழ்களும் அந்தத் தளத்தில் உள்ளன. சான்றிதழ்களைச் சங்கத்தின் தளத்திலேயே குழுவின் பெயரை இட்டுத் தேடலாம். தட்டின் உறை, முத்திரை, அச்சு எண் ஆகியவற்றுக்கு டிஸ்காக்ஸ் என்ற தளம் உதவும். ஆனால் அங்கே வாசகர்களே தகவல் சேர்ப்பதால், படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்புவது நல்லது. இதழின் மேல் அச்சான தேதி, அது கடைக்கு வந்த நாளுக்குச் சில நாள் பிந்தியதாக இருக்கும். அட்டவணையில் அச்சான தேதியையே ஒரே சீராகப் பயன்படுத்தினால் போதும்.

மீதமிருந்த அந்த ஒன்று, 2011இல் வந்த 'ஓல்ட் அலபாமா'. கன்ட்ரி பாடகர் பிராட் பெய்ஸ்லி, 'மவுண்டன் மியூசிக்' பாடலின் வரிகளைத் தம் பாடலுக்குள் எடுத்துக்கொண்டு, அந்தக் குழுவையே உடன் பாட வைத்துப் பதிந்த அது, 'ரெக்லஸ்' வந்து 18 ஆண்டுகள் கழித்து அலபாமாவின் பெயரை மீண்டும் முதலிடத்தில் நிறுத்தியது. பில்போர்டு கணக்கில் 33ஆவது அதுவே. முதன்மைக் கலைஞர் பெய்ஸ்லி என்பதால், முதன்மை அட்டவணையில் இதைச் சேர்க்காமல், 'டீப் ரிவர் உமன்' பாடலோடு கூட்டுப் பதிவுகள் என்ற தனி அட்டவணையில் வைத்து, மொத்தத்தை 32 என்றும் கூட்டுப் பதிவோடு 33 என்றும் எழுதுவதே சரியென்று நான் கருதுகிறேன்.