கலப்பெண்கள்: மெரினாவில் இடது பக்கம் திரும்பிப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இரண்டாம் பாடமான கலப்பெண்கள் வந்ததும் பலருக்கு எரிச்சல் வரும். 'எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வராது' என்று இத்தனை வருஷம் சொல்லிவிட்டு, இப்போது −1க்கு வர்க்கமூலம் உண்டு என்றால்? அந்த மூலத்தின் பெயர் ஐ. (தமிழாசிரியர்கள் மன்னிக்க, இது இரண்டாம் வேற்றுமை உருபு அல்ல!) 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்ட் இந்த மாதிரி எண்களுக்குக் 'கற்பனை' என்று பேர் வைத்தார். பாதிக் குழப்பம் அந்தப் பேரால்தான் என்பேன்.

சரி, மெரினாவுக்கு வாருங்கள். உழைப்பாளர் சிலை அருகே கடலைப் பார்த்து நில்லுங்கள். கடல் பக்கம் 1. ஐயால் பெருக்குவது என்றால் இடது பக்கம் 90 டிகிரி திரும்புவது. ஒருமுறை திரும்பினால் துறைமுகம் இருக்கும் பக்கம்: ஐ. இன்னொரு முறை திரும்பினால் கடலுக்கு முதுகைக் காட்டிச் சேப்பாக்கத்தைப் பார்ப்பீர்கள்: −1. ஐ² = −1 என்பது இந்த இரண்டு திருப்பம்தான். மூன்றாவதில் கலங்கரை விளக்கம், −ஐ. நான்காவதில் மறுபடி கடல்.

அப்போது 3 + 2ஐ? கடல் பக்கம் 3 அடி, துறைமுகம் பக்கம் 2 அடி நடந்தால் வரும் இடம். 3 மெய்ப்பகுதி, 2 கற்பனைப் பகுதி; இரண்டும் கலந்த இந்த எண்தான் கலப்பெண்.

கூட்டலில் பெரிதாக ஒன்றுமில்லை. மெய்யோடு மெய், கற்பனையோடு கற்பனை:

(3 + 2ஐ) + (1 − 4ஐ) = 4 − 2ஐ

கழித்தலும் இப்படியே. பெருக்கலில்தான் கை தவறும். அடைப்புக்குறிகளை வழக்கம்போல விரியுங்கள்:

(3 + 2ஐ)(1 − 4ஐ) = 3 − 12ஐ + 2ஐ − 8ஐ²

கடைசித் துண்டைப் பாருங்கள். ஐ² = −1 என்பதால் −8ஐ² என்பது +8. படிக்கிற காலத்தில் நான் அதை −8 என்றே போட்டு, −5 − 10ஐ என்று எழுதிச் சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். சரியான விடை 11 − 10ஐ.

அந்த விடையை 3 + 2ஐ என்பதால் வகுத்துச் சரிபார்ப்போம். வகுத்தலில் கீழே ஐ இருக்கக் கூடாது. அதனால் கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றிய இணையெண், அதாவது 3 − 2ஐ, மேலேயும் கீழேயும் பெருக்கப்படும். கீழே 9 + 4 = 13. மேலே:

33 − 22ஐ − 30ஐ + 20ஐ² = 13 − 52ஐ

இரண்டு பகுதியையும் 13ஆல் வகுத்தால் 1 − 4ஐ. முதலில் பெருக்கிய எண்ணே திரும்பி வந்துவிட்டது.

அப்புறம், கையால் போட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு. கூட்டினால் 10, பெருக்கினால் 40 வரும் இரண்டு எண்கள் எவை? 1545இல் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ சொன்ன விடை 5 + √−15, 5 − √−15. இதில் √−15 என்பது √15 × ஐ. பெருக்கும்போது அந்தக் கடைசித் துண்டின் குறியில் கவனம்.