பயறு வண்டடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய்

ஒரு கிலோ பச்சைப்பயறுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு, எல்லாப் பயறும் லேசாகப் பளபளக்கும் வரை கையால் பிசறி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். தட்டைப்பயறு, முழு உளுந்துக்கும் இதே அளவுதான். எண்ணெய் விடும் முன் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் வேர்த்துப் பூசணம் வந்துவிடும்.

பயறு வண்டு முட்டையைப் பயறின் மேல்தோலில்தான் ஒட்டிவைக்கும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் முட்டை சரியாக ஒட்டாது. ஒட்டினாலும் காற்றுக் கிடைக்காமல் பொரியாது. கடலை எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது.

ஏற்கெனவே ஓட்டை விழுந்த பயறுக்கு இது உதவாது, புழு உள்ளே தின்று வண்டாகி வெளியே வந்த ஓட்டைதான் அது. ரவை, மாவு வகைகளுக்கும் வேண்டாம், கட்டிகட்டியாகிவிடும். சமைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.