மடக்கு லேப்டாப் வாங்கியவர்களுக்கு

தொடுதிரையை முழுவதும் பின்னுக்கு மடக்கியதும் விசைப்பலகை வேலை செய்யாது. பழுதென்று பதற வேண்டாம், டேப்லெட்டாகப் பிடிக்கும்போது விரல் பட்டு எழுத்துகள் விழாமலிருக்கவே அப்படி. விண்டோஸ் 11-இல் படுத்துக்கொண்டு படிக்கும்போது திரை சுழன்று தொல்லை கொடுத்தால், மடக்கிய நிலையிலேயே கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள வைஃபை, ஒலி குறிகளைத் தொடுங்கள். அப்போது திரையில் விரியும் சிறு பெட்டியில் சுழற்சிப் பூட்டு (Rotation lock) இருக்கும்.

வலது கிளிக்குக்கு விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் போதும். மூன்று விரலால் கீழே இழுத்தால் எல்லாச் செயலிகளும் ஒதுங்கி முகப்புத் திரை வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்த் தட்டச்சு. செட்டிங்ஸில் நேரம், மொழி பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். திரையில் வரும் விசைகளிலேயே அ, ஆ, க, ங என்று எழுத்துகள் தெரியும். எந்த விசையில் எது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் பார்த்துப் பார்த்தே தட்டலாம். இதற்காகவே தொடுதிரை வாங்கலாம் என்பேன்.

திரையை மடக்கும்போது ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். நடுவில் பிடித்து மெதுவாகத் திருப்பினால் கீல் நெடுநாள் உழைக்கும்.