ஜெர்மன் தெரியாமல் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, சேலத்திலிருந்து

ஜெர்மனிக்குக் கிளம்பும் சேலத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "மொழி தெரியாம சமாளிக்க முடியுமாண்ணா?" என்பதுதான். முடியும். சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் பல இடங்களில் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும், மெஷின் ஷாப் என்றால் டிராயிங்கைப் பார்த்துப் பாதி வேலை நடந்துவிடும். நர்ஸ் வேலைக்கு மட்டும் இந்தப் பேச்சே கிடையாது, பொதுவாக ஜெர்மனில் பி2 நிலை (ஏ1 ஆரம்பம், பிறகு ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழித் தேர்வு நிலைகளில் ஒன்று) வரை படித்துப் பாஸ் செய்யாமல் அங்கே முழு நர்ஸாக ஏற்கமாட்டார்கள். மற்றவர்கள் அடிபடுவது பெரும்பாலும் கடிதத்திலும் கையெழுத்திலும்தான், அதனால் இலக்கணப் புத்தகத்தை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் எண்கள். ஐந்து ரோடு ஓட்டல்களிலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் வடமாநிலத் தம்பிகளைக் கவனித்திருப்பீர்கள், தமிழில் ஒரு முழு வாக்கியம் வராது, ஆனால் விலையும் எடையும் கணக்கும் தெளிவாகச் சொல்வார்கள். அவர்கள் பிடித்த வழி சரியான வழி. ஜெர்மனில் 45 என்பதை 'ஐந்தும் நாற்பதும்' என்ற வரிசையில்தான் சொல்வார்கள், காதில் விழுந்தபடி எழுதினால் 54 ஆகிவிடும். லேத்திலோ சிஎன்சியிலோ நிற்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாயால் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுதிக் காட்டி, சொன்னவர் தலையாட்டிய பிறகு மெஷினைத் தொடுங்கள். இன்னொன்று, புள்ளியும் காற்புள்ளியும் அங்கே இடம் மாறி வரும். 2,5 என்றால் இரண்டரை, 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. சம்பளச் சீட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

எண்களுக்கு அடுத்தது உங்கள் வேலைக்கான நூறு சொற்கள். கருவிகளின் பெயர், மேலே கீழே, இறுக்கு தளர்த்து, நிறுத்து. 'ஆக்டுங்' (கவனம்), 'ஃபோர்ஸிக்ட்' (ஜாக்கிரதை) என்று யாராவது கத்தினால் யோசிக்காமல் நின்றுவிட வேண்டும், அவசரத்துக்கு அமுக்கும் சிவப்புப் பொத்தான் 'நோட்-அவுஸ்'. வேலையில் சேர்ந்ததும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துவிட்டுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். புரியும் விதத்தில் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை, ஆகவே புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். விரல் உங்களுடையது.

மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பலாம், ஆனால் நெட் இல்லாமலும் அது ஓட வேண்டும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜெர்மனையும் ஆங்கிலத்தையும் முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிட்டு, ஏற்காடு பஸ்ஸில் ஏறி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் கேமராவில் படிப்பது, பேசிக் கேட்பது என எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அரசாங்கக் கடிதங்களை நேராகத் தமிழுக்கு மாற்றினால் சில சமயம் அர்த்தமே புரண்டுவிடும், ஆங்கிலத்துக்கு மாற்றிப் படிப்பது மேல்.

இப்போது கடிதங்கள், இதுதான் முக்கியம். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். பதிந்த பிறகு ரேடியோ, டிவிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். எங்களிடம் டிவியே இல்லையே, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அது நிஜமான கட்டணம், டிவி இல்லாவிட்டாலும் உண்டு, ஆனால் ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். அப்புறம் மஞ்சள் உறை, கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் அனுப்பும் முக்கியக் கடிதம் அதில்தான் வரும். தபால்காரர் அதன் மேல் தேதி எழுதிப் போட்டுவிட்டுப் போவார், பதில் சொல்லவோ மறுக்கவோ உள்ள கெடு அந்தத் தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். உறையைத் தூக்கி எறியாதீர்கள், அன்றைக்கே படியுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் ஒரே பழக்கம் போதும்: "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்ற வாக்கியத்தை ஜெர்மனில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலையை விட்டு நீக்குவதாக வாயாலோ வாட்ஸாப்பிலோ சொன்னால் அங்கே செல்லாது, கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்று வாரம்தான் அவகாசம். இரண்டு தரப்பும் சம்மதித்துப் பிரிவதாக ஒரு தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், அதன் பிறகு வழக்காடுவது ரொம்பக் கஷ்டம். 'ஃபேர் இன்டெக்ரேஷன்' என்ற ஆலோசனை மையங்கள் இலவசமாகவே உதவும், ஆங்கிலத்தில் பேசலாம்.

உடம்புக்கு வந்தால் உயிர் போகிற அவசரத்துக்கு 112, ராத்திரி டாக்டர் வேண்டும் ஆனால் அவ்வளவு மோசமில்லை என்றால் 116117. சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்), ஒவ்வாமை, ரத்த வகை ஆகியவற்றை இங்கே உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். லீவு என்றால் அன்று காலையிலேயே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

 

கடைசியாக, தமிழ் ரூமிலேயே அடைந்து கிடக்காதீர்கள். நம்ம ஆட்கள் இல்லாமல் முதல் மாதம் ஓடாது, அது எனக்கும் தெரியும், ஆனால் மதியச் சாப்பாட்டையாவது ஜெர்மன்காரர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். புளூ கார்டில் (படித்த, நல்ல சம்பள வேலைக்காரர்களுக்கான அனுமதி) இருப்பவர்கள் ஏ1 நிலை மொழியோடு 27 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம், பி1 இருந்தால் 21 மாதமே போதும். 'ஃபோல்க்ஸ்-ஹோக்ஷூலே' என்று அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு மாலைப் பள்ளி உண்டு, கட்டணம் குறைவு. முகவரி பதிந்த வாரமே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள், ஆரம்ப வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.