டீசல் ஃபோர்க்லிஃப்டை பேட்டரிக்கு மாற்ற: மணலி, மாதவரம் குடோன்காரர்களுக்கு

வண்டிக்கு விலை பேசும் முன் கரண்டைப் பாருங்கள். 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரிக்கு 100 ஆம்பியர் சார்ஜர் என்றால், ஏறக்குறைய 7 கிலோவாட் இழுக்கும். ஐந்து வண்டி ஒன்றாகச் சார்ஜ் ஏறினால் 35. மின்வாரியம் அனுமதித்த லோடு போதாவிட்டால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

சார்ஜ் ஏற 8 மணி நேரம், சூடு ஆறவும் கிட்டத்தட்ட அவ்வளவு. இரண்டு ஷிப்ட் ஓடினால் வண்டிக்கு இரண்டு பேட்டரி, இல்லையென்றால் லித்தியம். ஆனால் லித்தியம் எடை குறைவு. பேட்டரிதான் முன்பாரத்துக்கு எதிர் எடை. வண்டித் தகட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச பேட்டரி எடைக்கு இரும்பு சேர்க்காவிட்டால், முழு பாரம் தூக்கும்போது பின்சக்கரம் எழும்பும்.

லெட் ஆசிட் பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் விஷயம்தான். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி மூடிவழியே வழியும். உள்ளே பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது நனையும் அளவுக்கு முன்னால் விடலாம். ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.28 முழு சார்ஜ், 1.14 காட்டினால் வண்டியை நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரே லோடுதாண்ணே" என்பார் டிரைவர், கேட்காதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் கூரையடியில் தங்கும். மேல் ஜன்னல் திறந்திருக்கட்டும், பீடி கூடாது. எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும்: சோடா உப்புக் கரைசலில் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். சார்ஜரை இடுப்புயர மேடையில் வையுங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.